பின்பனிக்குத் தப்பி விதைப்பது எப்படி? நீலகிரி நீர்போகத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

நீலகிரியில் தை பிறந்துவிட்டால் மலைக்காய்கறி விவசாயிகள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான். விதைக்கிழங்கை இப்போதே மண்ணில் போடலாமா, இன்னும் இரண்டு வாரம் பொறுக்கலாமா? முந்திப் போட்டால், முளைத்து வந்த குருத்தைப் பின்பனி ஒரே இரவில் கருக்கிவிடும். பிந்திப் போட்டால், கிழங்கு பெருக்கும் நேரத்தில் தென்மேற்குப் பருவமழை வந்து சேரும். கூடவே இலைக்கருகல் நோயும் வரும். ஜனவரி, பிப்ரவரியில் பாசனத்தை நம்பித் தொடங்கும் நீர்போகத்துக்கு இந்த இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் நாள்தான் இடம் இருக்கிறது. ஏப்ரலில் தொடங்கும் கார்போகத்துக்கும், ஆகஸ்டில் தொடங்கும் கடைபோகத்துக்கும் விதைக்கும்போது இந்தக் கவலை இல்லை.

உறைபனி எப்போது முடியும் என்று கேட்டால் "நவம்பரில் ஆரம்பித்து பிப்ரவரி வரை" என்று பொதுவாகச் சொல்வார்கள். ஊர் சுற்ற வருபவர்களுக்கு அந்தப் பதில் போதும். விதைக்கிழங்குக்குக் கடன் வாங்கியவருக்குப் போதாது. மாவட்டம் முழுமைக்கும் ஒரே கடைசிப் பனித் தேதி என்று எதுவும் கிடையாது. ஒவ்வொரு நிலத்துக்கும் தனித் தேதி உண்டு. ஒரே பள்ளத்தாக்கில் கீழ்மட்டத்தில் இருப்பவருக்கும், முப்பது மீட்டர் மேலே இருப்பவருக்கும் இடையே அந்தத் தேதி வாரக்கணக்கில் தள்ளிப்போகலாம். உங்கள் நிலத்தின் தேதியைக் கண்டுபிடித்து, அதிலிருந்து பின்னோக்கி எண்ணி விதைக்க வேண்டும். அதைப் படிப்படியாகச் செய்வது எப்படி என்றுதான் இங்கே சொல்லப்போகிறேன். கொடைக்கானலிலும் மூணாறிலும் இருப்பவர்கள் பயிரையும் மாதத்தையும் மாற்றிக்கொண்டு இதே முறையைப் பின்பற்றலாம்.

தொடங்கும் முன்: இது எந்த மாதிரிப் பனி?

நிலநடுக்கோட்டிலிருந்து 11 டிகிரி வடக்கில் இருக்கும் ஓர் ஊரில் தண்ணீர் உறைவதற்கு முதல் காரணம் உயரம். உதகை சுமார் 2,240 மீட்டரில் இருக்கிறது. கோவை சுமார் 410 மீட்டரில். நூறு மீட்டர் ஏறினால் சராசரியாக 0.6 டிகிரிக்கு மேல் வெப்பம் குறையும் என்பதால், இரண்டு ஊருக்கும் இடையே பதினோரு, பன்னிரண்டு டிகிரி வித்தியாசம் வந்துவிடுகிறது. ஆனால் உயரம் மட்டுமே பனியை உறைய வைப்பதில்லை. அப்படியிருந்தால் 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டா உச்சிதான் எல்லாவற்றையும்விட வெளுத்துக் கிடக்க வேண்டும். நிஜத்தில் வெளுப்பது தலைகுந்தா, காந்தள், குதிரைப்பந்தய மைதானம் போன்ற தாழ்வான சமதளங்கள்.

நம் மலையில் விழுவது வெப்ப இழப்பால் உண்டாகும் பனி. வட இந்தியாவில்போல எங்கிருந்தோ குளிர்காற்று அலையாக வந்து அடிப்பதில்லை. மண்ணும் இலையும் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவு முழுக்க வானத்தை நோக்கி இழக்கின்றன. மேகம் இருந்தால் அதில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். காற்று வீசினால் மேலே இருக்கும் இளஞ்சூடான காற்றைக் கீழே கொண்டுவந்து கலந்துவிடும். காற்றில் ஈரம் நிறைய இருந்தால், அது பனித்துளியாகப் படியும்போதே வெப்பத்தை வெளியிட்டு, குளிர் இறங்குவதைத் தாமதப்படுத்தும். தெளிந்த வானம், அசையாத காற்று, வறண்ட காற்று ஆகிய மூன்றும் ஒரே இரவில் கூடினால்தான் உறைபனி. அதனால்தான் வடகிழக்குப் பருவமழை பெய்துகொண்டிருக்கும்வரை நீர்ப்பனியோடு நின்றுவிடுகிறது. புயல் ஒன்று வந்து மேகம் மூடியிருக்கும் நாட்களில் பனி தள்ளிப்போகும்; அது கரை கடந்து வானம் வெளுத்த இரண்டாம், மூன்றாம் இரவிலேயே புல் வெளுக்கும்.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். செய்தியில் "உதகையில் 4 டிகிரி" என்று வரும். உங்கள் வயலில் ஐஸ் படிந்திருக்கும். இரண்டும் உண்மைதான். வானிலை நிலையத்தின் வெப்பமானி தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டர் உயரத்தில், மரக்கூண்டுக்குள் இருக்கிறது. காற்றில்லாத தெளிந்த இரவில் புல்தரை அதைவிட 3 முதல் 5 டிகிரி வரை குளிர்ந்திருக்கும். உங்கள் கேரட் நாற்று நிற்பது தரையில். அதனால் அறிவிக்கப்படும் வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே போனாலே விழித்துக்கொள்ளுங்கள்.

படி 1: பனி எங்கே தேங்குகிறது என்று குறியுங்கள்

இதற்குச் செலவு எதுவும் இல்லை. டிசம்பரிலோ ஜனவரியிலோ உறைபனி விழுந்த ஒரு காலையில், வெயில் படுவதற்கு முன்பே, ஆறரை மணி வாக்கில் ஒரு கட்டுக் குச்சியோடு நிலத்துக்குப் போங்கள். வெண்மை எங்கே முடிகிறதோ அந்த எல்லையில் குச்சிகளை நட்டுக்கொண்டே போங்கள். பத்து அடிக்கு ஒரு குச்சி போதும். இன்னும் கடுமையான பனி விழும் இன்னொரு காலையில் வேறு நிறத் துணி கட்டிய குச்சிகளோடு மறுபடி போங்கள். இரண்டு வரிசைகளும் உங்கள் நிலத்தை மூன்று துண்டாகப் பிரித்துக் காட்டும்: லேசான பனிக்கே வெளுக்கும் அடிமட்டம், கடும்பனிக்கு மட்டும் வெளுக்கும் நடுமட்டம், எப்போதும் தப்பிக்கும் மேல்மட்டம். விதைப்புத் தேதி இந்த மூன்றுக்கும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

குளிர்ந்த காற்று கனமானது. மழைத்தண்ணீர் எந்த வழியாக இறங்கி எங்கே தேங்குமோ, அந்த வழியாகவே அதுவும் இறங்கி, அங்கேயே தேங்கும். அதனால் சரிவின் குறுக்கே இருக்கும் எந்தத் தடுப்பையும் சந்தேகத்தோடு பாருங்கள். நிலத்தின் கீழ் எல்லையில் அடர்ந்த புதர்வேலி, கல்கட்டு, உயர்ந்த சாலைக்கரை இருந்தால் அதற்கு மேல்பக்கம் குளிர் தேங்கி நிற்கும். குச்சி வரிசை அந்த வேலிக்கு மேலே வயிறு தள்ளி வளைந்திருந்தால் அதுதான் காரணம். வேலியின் அடியில் இரண்டு மூன்று இடத்தில் புதரை வெட்டி வழிவிடுங்கள். அதே வேலி நிலத்தின் மேல் எல்லையில் இருந்தால் கைவைக்காதீர்கள்; அது மேலிருந்து இறங்கும் குளிரைத் திசைதிருப்பி உங்களுக்குக் காவலாக நிற்கிறது.

ஓடைக்கரையை ஒட்டிய சமதளத்தில் மண் நன்றாக இருக்கும், தண்ணீர் பக்கத்திலேயே இருக்கும். நீர்போகத்துக்கு எல்லோரும் முதலில் உழுவது அதைத்தான். பனியும் முதலில் தேடிப்போவது அதைத்தான். தண்ணீர் வசதிக்காக அந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் தப்பில்லை. ஆனால் அங்கே எந்தப் பயிர், எந்தத் தேதி என்பதில் மிகக் கறாராக இருக்க வேண்டும்.

மரத்தின் கிளை வானத்தை மறைக்கும் இடத்தில் பனி படிவதில்லை என்பதையும் அந்தக் காலை நடையிலேயே பார்ப்பீர்கள். தேயிலைத் தோட்டங்களில் சில்வர் ஓக் நிழல் மரங்களைப் பனிக்காலத்துக்கு முன் மொட்டையடிக்கக் கூடாது என்பது இதனால்தான்.

படி 2: செடி உயரத்தில் ஒரு வெப்பமானி வையுங்கள்

குறைந்தபட்ச அளவை நினைவில் வைத்துக்கொள்ளும் சாதாரண டிஜிட்டல் வெப்பமானி போதும். வாங்கியதும் சோதித்துப் பாருங்கள். ஒரு டம்ளர் நிறைய ஐஸ்கட்டியை நன்றாக நொறுக்கிப் போட்டு, இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, அதில் உணர்முனையை ஐந்து நிமிடம் வையுங்கள். 0 டிகிரி காட்ட வேண்டும். 1 காட்டினால், இனி எப்போதும் அதன் கணக்கில் 1 கழித்துக்கொள்ள வேண்டும் என்று அதன் முதுகிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். உறைபனி விஷயத்தில் ஒரு டிகிரி என்பது பயிர் பிழைப்பதற்கும் போவதற்கும் உள்ள வித்தியாசம்.

வைக்கும் இடம் முக்கியம். வீட்டுச் சுவரில் மாட்டினால் சுவரின் சூட்டைத்தான் அளப்பீர்கள். அடிமட்டத்தில், பாத்தி நடுவே, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், மேலே கூரை எதுவும் இல்லாமல் உணர்முனையை நிறுத்துங்கள். முடிந்தால் இன்னொன்றை நடுமட்டத்தில் வையுங்கள். இரவின் மிகக் குறைந்த வெப்பம் நள்ளிரவில் வருவதில்லை. சூரியன் உதிக்கும் நேரத்தை ஒட்டித்தான் வரும். ஆகவே உதித்து அரைமணி கழித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

நோட்டில் தேதி, குறைந்தபட்ச வெப்பம், இரவு வானம், காற்று, வெண்மை எந்தக் குச்சி வரை வந்தது என ஐந்தே விஷயம் எழுதுங்கள். வெண்மை இல்லாமலே பயிர் கருகிய நாட்களையும் தவறாமல் குறியுங்கள். காற்று மிக வறண்டிருக்கும் இரவுகளில் இலைமேல் வெள்ளையாகப் படிய ஈரமே இருக்காது. ஆனால் இலைக்குள் இருக்கும் நீர் உறைந்துவிடும். வெளுக்கவில்லை என்று நிம்மதியாகத் திரும்பிப் போனவர்கள் மதியம் வந்து பார்த்துத் திகைப்பது இந்தப் பனியால்தான்.

படி 3: கடைசிப் பனித் தேதியைக் கணக்கிடுங்கள்

வழிகாட்டியின் நடுநாயகமே இந்தப் படிதான். ஒவ்வொரு ஆண்டும் உங்கள் நிலத்தில் கடைசியாகப் பனி உறைந்த தேதி ஒன்று இருக்கும். பல ஆண்டுத் தேதிகளைச் சேர்த்து வரிசைப்படுத்தினால், எந்தத் தேதிக்கு மேல் எவ்வளவு ஆபத்து மிச்சம் இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

பேச்சுக்கு ஒரு நிலத்தின் ஒன்பது ஆண்டுத் தேதிகளை இப்படி வைத்துக்கொள்வோம்: ஜனவரி 24, ஜனவரி 29, பிப்ரவரி 2, 5, 8, 11, 15, 19, 26. மிகப் பிந்தியதிலிருந்து எண்ணுங்கள். முதல் இடம் பிப்ரவரி 26. இட எண்ணை, ஆண்டுகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். 1 வகுத்தல் 10. அதாவது பிப்ரவரி 26-க்குப் பிறகும் பனி உறையப் பத்தில் ஒரு வாய்ப்பு. இரண்டாம் இடமான பிப்ரவரி 19-க்குப் பிறகு பத்தில் இரண்டு. நடுவில் இருக்கும் பிப்ரவரி 8-க்குப் பிறகு பத்தில் ஐந்து. "சராசரியா பிப்ரவரி எட்டோட பனி நின்னுடும்" என்று நம்பி அந்தத் தேதியைக் கணக்கில் எடுப்பவர், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அடிவாங்கச் சம்மதிக்கிறார் என்று அர்த்தம். சராசரித் தேதி ஏமாற்றுவது இங்கேதான்.

ஒன்பது ஆண்டு நோட்டு யாரிடம் இருக்கிறது என்று கேட்பீர்கள். இரண்டு குறுக்குவழிகள் உண்டு. ஒன்று, கைபேசியில் இருக்கும் படங்கள். பனி விழுந்த காலை யாராவது ஒருவர் வீட்டில் படம் எடுத்திருப்பார். ஒவ்வொரு படத்திலும் தேதி பதிந்திருக்கும். அக்கம்பக்கத்தாரிடம் பிப்ரவரிப் படங்களை மட்டும் தேடச் சொல்லுங்கள். இரண்டு, பக்கத்து வானிலை நிலையத்தோடு ஒப்பிடுவது. ஒரே ஒரு பனிக்காலம் மட்டும் உங்கள் வெப்பமானியின் எண்ணையும், நிலையத்தின் எண்ணையும் அருகருகே எழுதுங்கள். தெளிந்த, காற்றில்லாத இரவுகளை மட்டும் எடுத்துப் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளி பெரும்பாலும் ஒரே அளவாக இருக்கும். நிலையத்தில் 5 டிகிரி வரும்போது உங்கள் அடிமட்டத்தில் 0 வருகிறது என்றால், நிலையத்தின் பழைய பதிவுகளில் ஒவ்வொரு ஆண்டும் கடைசியாக 5-க்கு இறங்கிய தேதியைத் தேடினால் போதும். உங்கள் நிலத்தின் பழைய தேதிகள் ஏறக்குறையக் கைக்கு வந்துவிடும். உதகையில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. முத்தோரையில் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தின் கிளை இருக்கிறது. பழைய வானிலைப் பதிவுகள் பற்றி அங்கே நேரில் போய்க் கேளுங்கள். விதைப்புத் தேதிக்காகக் கேட்கிறேன் என்று சொல்லிக் கேட்கும் விவசாயிகள் கூடினால்தான் அந்தப் பதிவுகள் வயலுக்கு வரும்.

படி 4: பின்னோக்கி எண்ணி விதையுங்கள்

பனியில் அடிபடுவது விதை இல்லை, மண்ணுக்கு மேலே வந்த குருத்து. ஆகவே "எந்தத் தேதியில் விதைப்பது" என்று தொடங்காமல், "எந்தத் தேதியில் குருத்து வெளியே வரலாம்" என்று தொடங்குங்கள்.

உருளைக்கிழங்கையே எடுத்துக்கொள்வோம். குளிர்ந்த மண்ணில் முளைகட்டிய விதைக்கிழங்கு வெளியே வர மூன்று முதல் நான்கு வாரம் எடுக்கும். உங்கள் நிலத்தில் பத்தில் இரண்டு ஆபத்துத் தேதி பிப்ரவரி 19 என்றால், ஜனவரி கடைசி வாரத்திலேயே நடலாம். கிழங்கு மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும். பனி ஓயும்போது குருத்து எட்டிப்பார்க்கும். முளை நன்றாக நீண்ட கிழங்கை நட்டால் ஒரு வாரம் முந்தி வந்துவிடும் என்பதையும் கணக்கில் சேருங்கள். உருளையின் இலை பூஜ்ஜியத்துக்குக் கீழே ஒன்றிரண்டு டிகிரிக்கே கருகத் தொடங்கும் என்பதால் இதில் தாராளம் காட்ட முடியாது.

பீன்ஸ் இன்னும் மென்மையானது. பூஜ்ஜியத்தைத் தொட்டாலே தாங்காது. இரண்டு வாரத்துக்குள் முளைத்தும்விடும். பனி முழுக்க ஓய்ந்தது என்று தெரிந்தபிறகு கடைசியாக விதைக்க வேண்டியது அது. மேல்மட்டம் இருப்பவர்கள் அங்கே விதையுங்கள்.

கேரட், முட்டைகோஸ், பூண்டு ஆகியவை வேரூன்றி வளர்ந்துவிட்டால் லேசான உறைபனியைத் தாங்கும். தாங்கும் என்பதால் அடிமட்டத்தை இவற்றுக்கு ஒதுக்கலாம். கோஸ் நாற்றை மட்டும் நாற்றங்காலின் சொகுசிலிருந்து நேராகப் பனிக்குள் கொண்டுபோய் நடாதீர்கள். நடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே தண்ணீரைக் குறைத்து, மூடாக்கை எடுத்து, திறந்த வெளியில் பழக்குங்கள். பழகிய நாற்று தாங்கும் குளிரைப் பழகாத நாற்று தாங்காது. பட்டாணிச் செடி தாங்கிவிடும். அதன் பூவும் பிஞ்சும் தாங்காது. எனவே பட்டாணிக்கு முளைக்கும் நாளை விட்டுவிட்டு, பூக்கும் நாளை எண்ணிக்கொள்ளுங்கள்.

எவ்வளவு ஆபத்தை ஏற்பது என்பது உங்கள் நிலைமையைப் பொறுத்தது. குத்தகை நிலம், கடன் வாங்கிய விதை, மூடுவதற்குத் துணியோ போதிய தண்ணீரோ இல்லை என்றால் பத்தில் ஒன்றுக்கு மேல் போகாதீர்கள். காப்பு வசதி இருப்பவர்கள் பத்தில் மூன்று வரை போகலாம். என் யோசனை, நிலத்தை இரண்டாகப் பிரித்துப் பத்துப் பன்னிரண்டு நாள் இடைவெளியில் நடுவது. ஆள்கூலி கொஞ்சம் கூடும். ஆனால் முழு வெள்ளாமையும் ஒரே இரவின் கையில் இருக்காது. மேட்டுப்பாளையம் மண்டியில் விலை ஏறி இறங்கும்போதும் இந்தப் பிரிப்பு கைகொடுக்கும்.

படி 5: மாலையிலேயே இரவைப் படியுங்கள்

தேதி எவ்வளவு சரியாக இருந்தாலும் ஆபத்து சுத்தமாகப் போய்விடுவதில்லை. குருத்து வெளியே வந்ததிலிருந்து பனிக்காலம் முடியும்வரை ஒவ்வொரு மாலையும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள்.

சென்னை வானிலை ஆய்வு மையம் தன் அறிக்கையில் நீலகிரி, கொடைக்கானல் மலைப்பகுதிகளுக்கு உறைபனி எச்சரிக்கை தனியாகவே தருகிறது. இந்திய வானிலைத் துறையின் 'மேகதூத்' செயலியில் வேளாண் வானிலை ஆலோசனையும் கிடைக்கும். அவை மாவட்டத்துக்குச் சொல்லப்படுபவை. உங்கள் வயலுக்கு நீங்கள்தான் சொல்லிக்கொள்ள வேண்டும்.

ஆறு மணிக்கு வானம் துடைத்துவிட்டது போல் இருக்கிறதா? இலை ஆடாமல் நிற்கிறதா? அடுத்தது காற்றின் வறட்சி. வெப்பமானியின் உணர்முனையில் ஈரத் துணியைச் சுற்றி, அட்டையால் இரண்டு நிமிடம் நன்றாக விசிறுங்கள். எண் இறங்கி ஓரிடத்தில் நிற்கும். துணி சுற்றாமல் எடுத்த எண்ணுக்கும் இதற்கும் இடைவெளி எவ்வளவு அதிகமோ அவ்வளவு வறட்சி. காற்று 11 டிகிரியும் ஈரத்துணி 5 டிகிரியும் காட்டினால் அன்றிரவு தூக்கம் வேண்டாம். இரண்டும் ஒட்டியே இருந்தால் நீர்ப்பனியோடு போக நல்ல வாய்ப்பு இருக்கிறது.

பத்து மணிக்கு ஒருமுறை மறுபடி பாருங்கள். அடிமட்ட வெப்பமானி அதற்குள் 3 டிகிரிக்கு வந்து, வானமும் காற்றும் மாறாமல் இருந்தால், விடிவதற்குள் உறைநிலைக்கு வந்துவிடும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். விடிய இன்னும் எட்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது.

படி 6: காப்பு

எளிதானது முதலில்: மண்ணை ஈரமாக வைத்திருங்கள். ஈரமண் பகலில் அதிக வெப்பத்தை உள்ளே வாங்கி, இரவில் சீராக வெளியே விடும். உலர்ந்து பொலபொலத்த மண்ணால் அது முடியாது. ஆகவே பனி எதிர்பார்க்கும் நாளுக்கு முந்தின நாளோ, அன்று காலையோ பாசனம் செய்யுங்கள். சாயங்காலம் பாய்ச்சினால் வெப்பத்தை வாங்கப் பகல் மிச்சம் இருக்காது. அந்த வாரத்தில் களைக்கொத்தால் மண்ணைக் கிளறாதீர்கள். ஆனால் களை மண்டிக் கிடக்கவும் விடாதீர்கள், மண்ணுக்கு வெயில் படாமல் தடுத்துவிடும். பாத்தி நடுவே வைக்கோல் பரப்பியிருந்தால் பனி நாட்களில் அதை ஒதுக்கிவிடுங்கள். வைக்கோல் மண்ணின் சூட்டைக் கீழேயே அடைத்துவிடும். மேலே நிற்கும் செடிதான் குளிரில் மாட்டிக்கொள்ளும்.

உருளைக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. குருத்து இரண்டு மூன்று அங்குலம் மட்டுமே வெளியே இருந்தால், பனி எதிர்பார்க்கும் மாலையில் இருபக்கமும் மண் அணைத்து அதை முழுக்க மூடிவிடுங்கள். சில நாளில் மறுபடி முளைத்து வந்துவிடும். எப்படியும் மண் அணைக்க வேண்டிய பயிர்தானே, வேலையும் வீணில்லை.

அடுத்தது மூடுவது. உதகை தாவரவியல் பூங்காவில் பனிக்காலத்தில் மலர்ச் செடிகளை மிலார் செடிகளால் மறைத்து வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வானத்துக்கும் இலைக்கும் நடுவே எதையாவது வைப்பதுதான் தத்துவம். காய்கறி நாற்றுக்கு மெல்லிய நெய்யாத துணியோ, பழைய சேலையோ, சாக்கோ போதும். மாலை நான்கு, ஐந்து மணிக்கே, மண்ணில் சூடு இருக்கும்போதே மூடி, ஓரங்கள் தரையைத் தொடும்படி கல் வையுங்கள். குடைபோல மேலே மட்டும் மறைத்து ஓரங்களைத் திறந்து விட்டால் மண்ணின் சூடு பக்கவாட்டில் வெளியேறிவிடும். பாலிதீன் தாள் என்றால் இலையைத் தொடாமல் வளைகுச்சிமேல் போட வேண்டும். தொட்ட இடமெல்லாம் கருகும். காலையில் வெயில் ஏறியதும் எடுத்துவிடுங்கள்.

ஸ்பிரிங்க்ளர் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அது பயிரைக் காப்பாற்றவும் செய்யும், கொல்லவும் செய்யும். ஒரு கிராம் தண்ணீர் உறையும்போது 80 கலோரி வெப்பத்தை வெளியிடுகிறது. இலைமேல் தண்ணீர் தொடர்ந்து உறைந்துகொண்டே இருக்கும்வரை இலையின் வெப்பம் பூஜ்ஜியத்தை ஒட்டியே நிற்கும். ஆனால் அதே ஒரு கிராம் ஆவியானால் சுமார் 600 கலோரியை உறிஞ்சிவிடும், அதாவது ஏழு மடங்குக்கும் மேல். நடுராத்திரியில் தொட்டி காலியாகி ஸ்பிரிங்க்ளர் நின்றால், ஈரமான இலை ஒன்றும் செய்யாமல் விட்ட பக்கத்து வயல் இலையைவிட அதிகமாகக் குளிர்ந்து போகும். எனவே ஈரத்துணி வெப்பமானி பூஜ்ஜியத்துக்கு மேல் ஒரு டிகிரியாவது இருக்கும்போதே தொடங்க வேண்டும். காலையில் வெயில் வந்து ஐஸ் உருகி உதிரும்வரை நிறுத்தக் கூடாது. மணிக்கு சுமார் 3 மி.மீ. வீதம் ஒரு ஏக்கருக்கு 12,000 லிட்டர். ஆறு மணி நேரத்துக்கு 72,000 லிட்டர். உங்கள் குளத்திலோ கிணற்றிலோ அவ்வளவு இருக்கிறதா, இரவு முழுக்க மின்சாரம் நிற்குமா என்று பகலிலேயே கணக்குப் போடுங்கள். இல்லை என்றால் முழு ஏக்கரை விட்டுவிட்டு, நாற்றங்காலையோ கால் ஏக்கரையோ மட்டும் காப்பாற்றுங்கள்.

விடியற்காலையில் தண்ணீர் அடித்துப் பனியைக் கரைக்கும் வழக்கம் இங்கே நிறைய உண்டு. அதில் கெடுதல் இல்லை. ஆனால் இலைக்குள் ஐஸ் உருவானபோதே சேதத்தின் பெரும்பகுதி முடிந்திருக்கும். உயிரணுக்களிலிருந்து அது நீரை உறிஞ்சி எடுத்துவிடும். காலை வெயில்தான் செடியை எரித்தது என்று நினைத்து, இரவில் செய்ய வேண்டியதைக் காலைக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

புகை போடுவது வேண்டாம். மண்ணிலிருந்து கிளம்பும் வெப்பக் கதிரைத் தடுக்கும் அளவுக்குப் புகைத்துகள் பெரியது இல்லை. டயரையும் குப்பையையும் எரித்தால் பள்ளத்தாக்கில் குளிர்காற்று தேங்குவதுபோல அந்த நஞ்சும் வீடுகளின் மேல் தேங்கி நிற்கும். குழந்தைகள் இருமுவதுதான் மிச்சம்.

படி 7: பனி அடித்த மறுநாள்

பாதிப்பைக் காலையில் கணக்கிட முடியாது. அடிபட்ட இலை முதலில் வெந்நீரில் முக்கியெடுத்தது போல ஈரப்பளபளப்போடு கரும்பச்சையாகத் தெரியும். மதியம் துவண்டு, அடுத்த நாளுக்குள் பழுப்பாகவோ கறுப்பாகவோ மாறும். குறைந்தது ஐந்து நாளாவது பொறுங்கள். உருளைக் குருத்தை மண்மட்டத்தில் நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சையாக, விறைப்பாக இருந்தால் அடிக்கண்ணிலிருந்து மறுபடி கிளைக்கும், பிடுங்க வேண்டாம். கூழாக இருந்தால் அந்த இடத்துக்கு வேறு பயிர் யோசிக்கலாம். நீர்போகத்தில் நாள் மிச்சம் இருப்பதால் பீட்ரூட்டோ முள்ளங்கியோ போட முடியும்.

அடிபட்ட பயிருக்கு உடனே யூரியா போட்டுத் தேற்றப் பார்ப்பது பலரும் செய்யும் தவறு. இலையே இல்லாத செடிக்கு உரத்தால் பயன் இல்லை. புதுத் துளிர் வந்து பளிச்சென்று விரிந்தபிறகு கொடுங்கள். அதுவரை மண் ஈரத்தை மட்டும் காத்துக்கொள்ளுங்கள். தேயிலையிலும் கருகிய கிளையை அவசரப்பட்டு வெட்டக் கூடாது. எந்த இடத்திலிருந்து புது மொட்டு கிளம்புகிறதோ அதற்கு மேலேதான் மரம் செத்திருக்கிறது. அந்த எல்லை தெரிவதற்கு முன் வெட்டினால் உயிருள்ள மரத்தையும் சேர்த்து இழப்பீர்கள். மறுபடி பனி வந்தால் முதல் அடியை வாங்கிக்கொள்ள, கருகிய இலையாவது மேலே இருக்கட்டும்.

வீட்டைச் சுற்றிப் பிளம், பீச் மரம் வைத்திருப்பவர்கள் பூ மொட்டுகளில் பத்துப் பதினைந்தைப் பறித்து, பிளேடால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுவில் சூலகம் இளம்பச்சையாக இருந்தால் உயிரோடு இருக்கிறது, கறுத்திருந்தால் போய்விட்டது. வெளியிதழ் அழகாக விரிந்திருந்தாலும் காய் பிடிக்காது.

அன்றே தேதி தெரியும்படி வயலைப் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலும் எழுத்தில் தெரிவித்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பயிர்க்காப்பீடு எடுத்தவர்கள் அதன் விதிகளில் உறைபனி வருகிறதா என்பதை விதைக்கும் முன்பே கேட்டு வைத்திருக்க வேண்டும்.

பிறகு நோட்டை எடுத்து அந்த நாளை எழுதுங்கள்: குறைந்தபட்சம் எவ்வளவு, எந்தக் குச்சி வரை வெளுத்தது, எந்தப் பயிர் என்ன வயதில் இருந்தது, எது பிழைத்தது. படி 3-ல் வரிசைப்படுத்திய தேதிகளோடு இந்த ஆண்டின் தேதியையும் சேர்த்து, வகுக்கும் எண்ணை ஒன்று கூட்டி, புதுக் கணக்கைப் போட்டு வைத்துவிடுங்கள்.